பசி பற்றிய கலைக் கண்காட்சி: 50 கிலோ அரிசியில் வரைபடம் போடலாமா? (பெங்களூரு)

ஏரிக்கரை கேட்டது:

வணக்கம். அல்சூர்ப் பக்கம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் அக்டோபர் 16, உலக உணவு நாளுக்கு ஏதாவது செய்யலாம் என்று முடிவாகியிருக்கிறது. சொற்பொழிவு வேண்டாம், பார்த்ததும் மனதில் பதிய வேண்டும் என்பது எல்லோருடைய விருப்பம்.

இப்போதைய யோசனை இது. 50 கிலோ அரிசிக்கு மூன்று நிறத்தில் சாயம் ஏற்றி, சங்கத்தின் முன்வாசலில் பெரிய இந்திய வரைபடம். நடுவில் மெலிந்த குழந்தையின் முகம். பக்கத்தில் உலகப் பசிக் குறியீட்டில் இந்தியாவின் இடம் கொட்டை எழுத்தில். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. பதினைந்து பேர் வேலை செய்வார்கள், அதில் நான்கு பேர் நன்றாக வரைவார்கள். பார்க்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் கன்னடக்காரர்கள். மற்றவர்கள் தமிழ்க் குடும்பங்களும் கட்டட வேலைக்கு வந்தவர்களும்.

சாயம் ஒட்டாமல் இருக்க என்ன செய்வது? எத்தனை நாள் தாங்கும்? போலீஸ் அனுமதி வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோலப்பொடி:

சாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிலோவுக்கு ஐந்து டீஸ்பூன் வினிகர், அதில் சாயத்தைக் கரைத்து, அரிசியோடு பையில் போட்டுக் குலுக்கி, நிழலில் ஒரு நாள் உலர்த்தினால் கையில் ஒட்டாது. ஆனால் செய்யாதீர்கள்.

அரிசியை அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 4 கிலோ பிடிக்கும். 50 கிலோவுக்குக் கிடைப்பது 12 சதுர மீட்டர், அதாவது சுமார் 130 சதுர அடி. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமை அட்டையில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ. பத்துப் பேரின் ஒரு மாத ரேஷனைத் தரையில் கொட்டி, அதன் மேல் பசி என்று எழுதப்போகிறீர்கள். வருகிறவர்களில் ஒருவராவது "இதைச் சமைத்துப் போட்டிருக்கலாமே" என்பார். அதற்குப் பதில் இருக்காது, ஏனென்றால் சாயம் ஏறி மண் கலந்த அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது.

இன்னொன்று, பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும்தான் நல்ல மழை. பெரும்பாலும் சாயங்காலம் கொட்டும். நனைந்த அரிசி ஒரே இரவில் புளித்து நாறும். மழை தப்பினால் எறும்பு, புறா, எலி. அரிசி மாவில் போடும் வாசல் கோலத்துக்கு எறும்பு வருவது நல்லது, அதற்காகத்தான் மாவு. 50 கிலோவுக்கு வருவது எலி.

அரிசிதான் வேண்டும் என்றால் அதை வீணாக்காமல் காட்ட வழி இருக்கிறது. 5 கிலோவை 30 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 166 கிராம். 166 கிராம் வீதம் 30 பை போட்டு, துணி காயப்போடும் கொடியில் வரிசையாகத் தொங்கவிடுங்கள். ஒரு மனிதருடைய ஒரு மாதம், கண் முன்னால். ஒரு பையை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வரைபடத்தை விட அது அதிகம் பேசும்.

செய்முறை: 4க்கு 6 அங்குலப் பை, கொஞ்சம் தடித்ததாக. அரிசி சுமார் 210 மில்லி இடத்தை அடைக்கும், எனவே சரியாகக் கொள்ளும். காற்றை வெளியேற்றி, மேலே ஒரு அங்குலம் விட்டு, சீல் போடும் மெஷினால் ஒட்டுங்கள். தொங்கவிடும் துளையைச் சீல் போட்ட கோட்டுக்கு மேலே மட்டும் போட வேண்டும், கீழே போட்டால் பூச்சிக்கு வழி. அரை அடிக்கு ஒன்று என்றால் 15 அடிக் கம்பி. மொத்தம் 5 கிலோதான், ஆனாலும் நைலான் கயிறு நடுவில் தொங்கிவிடும். பிளாஸ்டிக் உறை போட்ட இரும்புக் கம்பியைக் கட்டி நடுவில் ஒரு மூங்கில் முட்டுக் கொடுங்கள். அரிசியில் வண்டின் முட்டை முன்பே இருக்கும், ஒரு மாதத்தில் வெளியே வரும். அதனால் வாரம் முன்புதான் பையில் அடைக்க வேண்டும், நிகழ்ச்சி முடிந்ததும் சமையலுக்குக் கொடுத்துவிட வேண்டும். அரிசியைக் கடையில் வாங்குங்கள். ரேஷன் அரிசியை விலைக்கு வாங்குவது குற்றம், எவ்வளவு நல்ல காரியத்துக்கானாலும்.

கொடிக்குக் கீழே ஒரு மேஜை. அதில் காலி எவர்சில்வர் பாத்திரங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரித் தட்டுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கீரை 400 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. 85 கிராம் பருப்பை ஒரு தடவை கிண்ணத்தில் போட்டு, அது நிற்கும் மட்டத்தில் உள்பக்கம் சிவப்பு நகப்பூச்சால் கோடு போடுங்கள். பருப்பை எடுத்துவிடுங்கள், கோடு மட்டும் இருக்கட்டும். பால் டம்ளருக்கும் அப்படியே. 166 கிராம் அரிசியில் கிடைப்பது ஏறக்குறைய 580 கலோரி. மிச்சம் அந்தக் கோடுகளில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. "எங்களுக்கு 5 கிலோவா? கூட வருகிறதே" என்று கன்னடக்காரர்கள் கேட்பார்கள், அவர்கள் சொல்வது சரி. கர்நாடகத்தில் மத்தியப் பங்குக்கு மேல் மாநில அரசு தன் பங்கைச் சேர்க்கிறது. 2023 ஜூலையில் அதை அரிசியாகத் தராமல் கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் ஆளுக்கு 170 ரூபாயாகக் கொடுத்தார்கள், பிறகு மாறியது. அந்த மாதம் என்ன தருகிறார்கள் என்று ரேஷன் கடைப் பலகையில் பார்த்து, பைக்கொடியில் "மத்தியப் பங்கு மட்டும்" என்று எழுதிவிடுங்கள்.

---

அளவுநாடா:

கோலப்பொடி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெலிந்த குழந்தை முகம் வேண்டவே வேண்டாம். 1943 வங்கப் பஞ்சத்தில் சித்தபிரசாத்தும் ஜைனுல் ஆபிதீனும் கருப்பு மையில் எலும்பும் தோலுமாக வரைந்தார்கள், ஏனென்றால் அன்று தெருவில் கிடந்தது அதுதான். இன்று அல்சூரில் அங்கன்வாடிக்கு வரும் பிள்ளையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐந்து வயதுப் பிள்ளை நாலு வயது போல இருக்கும், அவ்வளவுதான். "சின்ன உடம்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். இந்தப் பசியை முகத்தில் வரைய முடியாது, அளவில்தான் காட்ட முடியும். அதற்கு இரண்டு வழி தருகிறேன்.

முதலாவது கதவு நிலை. வீட்டில் பிள்ளைகளை நிலையோடு ஒட்டி நிறுத்திப் பென்சிலில் கோடு போடுவோமே, அதுதான். பழைய மரக் கடையில் 7க்கு 3 அடி நிலை ஒன்றை வாடகைக்கோ விலைக்கோ எடுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி சரியாக ஐந்து வயது முடிந்த ஆண் குழந்தையின் நடு உயரம் 110 செ.மீ. 100.7க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியது என்று கணக்கு. பெண் குழந்தைக்கு 109.4, 99.9. ஒரு தூணில் ஆண், மறு தூணில் பெண். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒன்பது, ஒன்பதரை சென்டிமீட்டர்தான். பார்க்கிறவர் தன் கையை வைத்துப் பார்த்தாலே புரியும்.

இரண்டு தூணிலும் சேர்த்து நூறு பென்சில் கோடு போடுங்கள். 35 கோடு கீழ் வரம்புக்குக் கீழே, 65 மேலே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் கர்நாடகத்தின் எண் 35.4 சதவீதம், நாடு முழுவதற்கும் 35.5. ஆய்வு ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளையும் எடுத்தது, நிலையில் இருப்பதோ ஐந்து வயது உயரம் மட்டும். இதை ஒரு வரியில் எழுதி ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் விவரம் தெரிந்த ஒருவர் வந்து மொத்தத்தையும் தப்பு என்பார்.

இதில் வழக்கமாகக் கெடுவது அடிப்பலகை. நிலை தானாக நிற்காது, 4க்கு 3 அடி பிளைவுட்டில் திருகி, பக்கத்துக்கு ஒரு முட்டும் 20 கிலோ மணல் மூட்டையும் வைக்க வேண்டும். பலகை 18 மி.மீ. கனம். அளவைத் தரையிலிருந்து எடுத்துவிட்டுப் பிள்ளையைப் பலகை மேல் நிறுத்தினால் கிட்டத்தட்ட 2 செ.மீ. கூடக் காட்டும், இருக்கிற வித்தியாசமே ஒன்பதுதான். பலகையின் மேல்முகத்திலிருந்து அளந்து கோடு போடுங்கள். இன்ச் டேப்பில் அளந்து செ.மீ.க்கு மாற்றுவதும் வேண்டாம்.

"நம் ஆட்கள் பரம்பரையாகவே குட்டை" என்று நிச்சயம் ஒருவர் சொல்வார். அந்த அளவுகோல் ஆறு நாட்டுக் குழந்தைகளை வைத்துச் செய்தது, அதில் இந்தியாவும் ஒன்று, டெல்லிக் குழந்தைகள். பக்கத்தில் நிற்கிற தன்னார்வலர் இதைத் தெரிந்து வைத்திருக்கட்டும்.

இரண்டாவது வளையல். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மேல்கைச் சுற்றளவை அங்கன்வாடியில் மூவண்ண நாடாவால் அளப்பார்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 11.5 முதல் 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. குழந்தை வளையல் அளவுகள் இதற்கு அப்படியே பொருந்தும். கடையில் 1-6 என்றால் உள்விட்டம் 1 அங்குலமும் 16இல் 6 பங்கும், சுற்றளவு 109.7 மி.மீ. வரும், சிவப்பு. 1-8க்கு 119.7, மஞ்சள். 1-10க்கு 129.7, பச்சை. சிக்பேட் மொத்தக் கடைகளில் டஜன் கணக்கில் கிடைக்கும். கண்ணாடி வேண்டாம், காற்றில் மோதி உடையும். உலோகம் எடுங்கள்.

வாங்கியதும் ஒவ்வொன்றின் உள்ளேயும் காகிதப் பட்டையைச் சுருட்டி வைத்து அளந்து பாருங்கள். விட்டத்தில் 1 மி.மீ. பிசகினால் பரவாயில்லை, நிறம் மாறாது. 2 மி.மீ. பிசகினால் 1-8 வளையல் பச்சைக்குப் போய்விடும். தொங்கவிட நைலான் நரம்பு. ஒரே முடிச்சில் கட்டினால் காற்றில் சுழன்று ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், இரண்டு இடத்தில் கட்டினால் தட்டையாக நிற்கும். ஒரு வளைகாப்பு நடக்கிற வீட்டு வாசல் போலத் தெரிய வேண்டும். நெருங்கி வந்த பிறகுதான் அதில் ஒன்று எவ்வளவு சின்னது என்று புரியும்.

வளையல் வரிசைக்குச் சதவீதம் எதுவும் எழுதாதீர்கள். ஆய்வில் வரும் "மெலிவு" எண் (நாட்டுக்கு 19.3) உயரத்துக்கேற்ற எடையை வைத்தது, கைச்சுற்றளவை வைத்தது அல்ல. இரண்டும் ஒரே பிள்ளைகளைப் பிடிக்காது. அதோடு, வருகிற பிள்ளைகளின் கையில் வளையலைப் போட்டுப் பார்க்கவே கூடாது. நாலு பேர் முன்னால் ஒரு தாயிடம் "உன் பிள்ளை சிவப்பு" என்பது போலாகிவிடும். கேட்டால் அங்கன்வாடிக்கு வழி சொல்லுங்கள், அங்கே நாடா இருக்கிறது.

---

ஏரிக்கரை:

அரிசி வரைபடத்தைக் கைவிட்டாயிற்று. நிலையும் கொடியும் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. உலகப் பசிக் குறியீடு மட்டும் வைக்கலாமா? அதுதான் எல்லோருக்கும் தெரிந்த எண். சாப்பாடும் ஏதாவது வேண்டும் என்கிறார்கள் வீட்டுப் பெண்கள்.

---

ஈரடி:

குறியீடு வேண்டாம். 2024இல் 127 நாட்டில் 105, 2025இல் 123 நாட்டில் 102. இதைக் கொட்டை எழுத்தில் போட்டால் அன்று முழுக்க அந்த இடம் சரியா தப்பா என்று பட்டிமன்றம்தான் நடக்கும், நிலையை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அதன் நான்கு அளவுகளில் மூன்று ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றியவை. அந்த மூன்றில் ஒன்றைத்தான் ஏற்கெனவே நிலையில் காட்டுகிறீர்கள், சொந்த மாநிலத்து எண்ணோடு.

---

பானைச்சக்கரம்:

சாப்பாடு பற்றி. 1990இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜான் ஹார்டம், லிசா பிளாக்பர்ன் என்று இரண்டு பேர் ஆரம்பித்த முறை ஒன்று உண்டு. கையால் செய்த மண் கிண்ணத்தில் எளிய சூப். வந்தவர் பணம் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தை வீட்டுக்கு எடுத்துப் போவார். அலமாரியில் அது காலியாகவே இருக்கும், அதுதான் விஷயம். இங்கே சூப்புக்குப் பதில் கேழ்வரகுக் கூழ்.

கிண்ணத்துக்குக் குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனில் கேட்கலாம், ஆனால் அக்டோபருக்கு ஆகஸ்டில் போய் நிற்காதீர்கள். விநாயகர், அதற்குப் பின் கொலு, அதற்குப் பின் தீபாவளி அகல் என்று சக்கரம் ஓய்வே இல்லாமல் சுற்றும் காலம். ஜூனிலேயே சொல்லிவிட வேண்டும். மண் காய்ந்து சுட்டெடுக்கும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்கும், எனவே 12 செ.மீ. வாய் வேண்டுமென்றால் பச்சையாக 13.5 கேளுங்கள். உங்கள் ஆட்களே வனைந்து பார்க்க ஆசைப்பட்டால் செய்யட்டும், ஆனால் சுவர் கனம் ஒரே சீராக இல்லாவிட்டால் காயும்போதே விரிசல் விடும். மழைக்காலத்தில் குறைந்தது பத்து நாள் நிழலில் காய வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் சூளையில் அது ஆவியாகிக் கிண்ணத்தை வெடிக்க வைத்துவிடும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து.

சாதாரணச் சுடுமண் கசியும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் மண்வாசனையும் கசிவும் குறையும். பிறகு ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிப் பழைய செய்தித்தாள் மேல் இரண்டு மணி நேரம் வையுங்கள், தாள் நனைந்தால் அது அலமாரிக்கு மட்டும். விரலால் சுண்டினால் கிண்ணென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. கசிவை அடைக்க வார்னிஷ் பூசிவிடாதீர்கள், அதில் சாப்பிடக் கூடாது. பளபளப்பு ஏற்றிய கிண்ணம் என்றால் ஈயம் இல்லாத மெருகா என்று கேட்டு வாங்குங்கள். நூறு வேண்டுமென்றால் 120 சொல்லுங்கள்.

கூழ்: நூறு பேருக்கு 200 மில்லி என்றால் 20 லிட்டர். 2 கிலோ கேழ்வரகு மாவை முதல் நாள் இரவே 5 லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடி வையுங்கள். மறுநாள் 12 லிட்டர் கொதிக்கும்போது மெல்ல ஊற்றி, கை விடாமல் கிண்ட வேண்டும். கொதி தண்ணீரில் நேராக மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், எவ்வளவு கடைந்தாலும் போகாது. 20 நிமிடம் வெந்து, ஆறிய பிறகுதான் 3, 4 லிட்டர் மோர். சூட்டில் ஊற்றினால் திரிந்துவிடும். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய். கன்னடக்காரர்களுக்கு அம்பலி என்றால் போதும், விளக்கவே வேண்டாம். வசூலான தொகையை அன்றே பலகையில் எழுதிவிடுங்கள், எங்கே போகிறது என்பதோடு.

---

சிவாஜிநகர் 51:

அனுமதி கேட்டீர்கள். பெங்களூரில் 2021 உத்தரவுக்குப் பின் போராட்டம், ஆர்ப்பாட்டம், போராட்ட ஊர்வலம் எல்லாம் ஃப்ரீடம் பார்க்கில் மட்டும்தான். எனவே தெருவில் கோஷம், பதாகை தூக்கி நடப்பது, பறையடித்துக் கூட்டம் சேர்ப்பது இதெல்லாம் வேண்டாம், கலைக் கண்காட்சியைப் போராட்டம் என்று எழுதிவிடுவார்கள். சங்கத்துச் சுற்றுச்சுவருக்குள் நடத்தினால் தலைவலி குறைவு. மைக் வைத்தால் போலீஸ் அனுமதி தனியாக வேண்டும், மைக் இல்லாமலே நடத்துங்கள். வெளிச்சுவரில் ஓவியம் என்ற ஆசை யாருக்காவது வந்தால் 1981 கர்நாடகப் பொது இட விகாரத் தடைச் சட்டம் இருக்கிறது, எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் தூரிகை எடுக்காதீர்கள். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டது, உங்கள் தெரு எதில் என்று பார்த்துவிட்டு மனு கொடுங்கள்.

பலகையில் கன்னடம் மேலே, பெரிதாக. கீழே தமிழ். பத்தடித் தூரத்தில் வசதியாகப் படிக்க ஒரு அங்குல எழுத்து, 25 அடிக்கு இரண்டரை. மொழிபெயர்ப்பை போனில் போட்டு எடுக்காதீர்கள். பசிக்கு "ஹசிவு" என்று சரியாகவே வரும், "வளர்ச்சி குன்றல்" என்ன ஆகுமோ தெரியாது. கன்னட வாத்தியார் ஒருவர் பார்த்தால் பத்து நிமிட வேலை.

---

அளவுநாடா:

கட்டட வேலைக்காரர்கள் வருவார்கள் என்றீர்களே, அவர்களுக்கு வெளியேறும் இடத்தில் தமிழில் ஒரு துண்டுச்சீட்டு. பலருக்கு ஊரில் தமிழ்நாட்டு அட்டை இருக்கும். அட்டையில் பிஎச்எச் (PHH, முன்னுரிமை அட்டை) அல்லது பிஎச்எச்-ஏஏஒய் (PHH-AAY, அந்தியோதயா அட்டை) என்று இருந்தால், ஆதார் இணைத்திருந்தால், பெங்களூரில் எந்த ரேஷன் கடையிலும் விரல் வைத்து எடுக்கலாம். வீட்டார் ஊரில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு இவர் தன் பங்கை மட்டும் இங்கே எடுக்கவும் முடியும். மத்தியப் பங்கு மட்டும்தான் கிடைக்கும். என்பிஎச்எச் (NPHH, முன்னுரிமை இல்லாத) அட்டைக்குத் தமிழ்நாட்டில் அரிசி உண்டு, எல்லை தாண்டினால் இல்லை. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் கடைக்குப் போய்த் திரும்பி வருவதுதான் அதிகம். கடைக்காரர் மறுத்தால் 1967க்குப் போன் செய்யலாம். சீட்டில் இவ்வளவுதான், கவிதை எதுவும் வேண்டாம். அட்டையில் அந்த எழுத்து எந்த மூலையில் இருக்கிறது என்று ஒரு சின்னப் படம் போடுங்கள், உங்கள் நான்கு ஓவியர்களில் ஒருவருக்கு அது வேலை.

---

ஏரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சின்ன சந்தேகம். 166 வீதம் 30 பை போட்டால் 4,980 கிராம்தான் ஆகிறது. 20 கிராம் மிஞ்சுகிறதே?

---

கோலப்பொடி:

அக்டோபருக்கு 31 நாள். கொக்கியை 31 அடியுங்கள், கடைசிப் பையில் அந்த 20 கிராம்.